ஒன்றரை நாள் வேந்தரின் பேரன்

ஒரு காட்டில் ஒரே ஒரு குட்டை இருந்தது. மீதியெல்லாம் வரிசை.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் அந்தக் காட்டில் ஓடை, ஊற்று, சுனை என்று பெயர் வைத்துக்கொண்டதெல்லாம் பெயரோடு நின்றுவிடும். தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குட்டை மட்டும்தான். அதற்கு இரண்டு கரை. கிழக்குக் கரையில் 'ராஜ வரிசை' என்று ஒரு பலகை, மேற்குக் கரையில் 'பொது வரிசை' என்று ஒரு பலகை. ராஜ வரிசையில் வருவது சிங்கராயர் என்ற சிங்கமும் அவர் குடும்பமும்தான். காலையில் ஐந்து நிமிஷம் குடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் நாள் முழுக்க அந்தக் கரையில் ஒரு தட்டான்கூட உட்காராது. பொது வரிசையோ குட்டையில் ஆரம்பித்து, ஆலமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கரட்டு மேட்டில் ஏறி, சில நாள் பக்கத்துக் காட்டு எல்லையில் போய் முடியும். பகல் பன்னிரண்டு அடித்ததும் கிளைமணி என்ற குரங்கு விசில் ஊதிப் பொதுக் கரையைக் கயிறு கட்டி மூடிவிடுவான். டோக்கன் கொடுப்பவனும் அவன்தான், கிழிப்பவனும் அவன்தான், "நாளைக்கு வா" என்பவனும் அவன்தான்.

அந்த வரிசையில் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி தினமும் விடிவதற்கு முன்பே வந்து நிற்பான். நிற்பான், அவ்வளவுதான். தண்ணீர்வரை போய்ச் சேர்ந்ததில்லை. காரணம் அவன் முதுகு. முன்னால் நிற்பவரை ஒட்டி நின்றால், "ஐயோ குத்துதே" என்று அவர் கத்துவார். எனவே மரியாதையாக ஓர் ஆள் தூரம் விட்டு நிற்பான். காலி இடத்தைப் பார்த்துவிட்டு நேர்வழியில் நடக்கிற பிராணி எந்தக் காட்டில் இருக்கிறது? நரி நுழையும். அதற்கு முன்னால் நரியின் மச்சான் நுழைவான். ஈட்டியப்பன் மறுபடி ஓர் ஆள் தூரம் பின்னால் நகர்வான். இப்படி முன்னேற வேண்டியவன் பின்னேறிப் பின்னேறி, பன்னிரண்டு மணி விசிலுக்கு ஏறக்குறைய வீட்டு வாசலில் நிற்பான்.

"வரிசையில நின்னுட்டு வர்றேன்னு போறீங்க. சொன்னபடியே நின்னுட்டுத்தான் வர்றீங்க," என்றாள் மனைவி செவந்தி. அவள் பின்னால் மூன்று குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தன. கடைக்குட்டி இரண்டு நாளாக அழக்கூட இல்லை. அழக் கண்ணில் ஈரம் வேண்டுமே.

ராஜ வம்சம் என்று சான்றிதழ் காட்டினால் யாரும் ராஜ வரிசையில் குடிக்கலாம் என்ற விதி ஈட்டியப்பனுக்கு நினைவு வந்தது. அன்று சாயங்காலமே கரியப்பரைப் பார்க்கப் புறப்பட்டான்.

கரியப்பர் ஒரு அண்டங்காக்கை. பட்டுப்போன வேப்பமரத்தில் 'வம்சாவளி ஆராய்ச்சி நிலையம்' என்று பலகை மாட்டி உட்கார்ந்திருந்தார். இந்தத் தொழிலை வேறு யாரும் செய்ய முடியாது. காட்டில் யார் வீட்டுத் திவசம் என்றாலும் இலை போட்டு, செத்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது காகத்தைத்தான். தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்த குடும்பம் கரியப்பருடையது.

"ராஜ வம்சம் இருக்கான்னு பாக்கணும். அவ்வளவுதானே? படிவத்தை நிரப்பு. ரெண்டு போட்டோ ஒட்டு," என்றார் கரியப்பர்.

ஈட்டியப்பன் கொடுத்த போட்டோவைத் தூக்கிப் பார்த்தார். "முள்ளு கட்டத்துக்கு வெளிய போகுது. செல்லாது."

"எனக்கு முள்ளே அவ்வளவு நீளங்க."

"அப்ப மூஞ்சிய மட்டும் எடு. சரி போகட்டும், இலை கொண்டுவந்தியா?"

"எதுக்குங்க இலை?"

"பேரெல்லாம் உள்ளதான் இருக்கு. சாப்பிட்டாத்தான் வெளிய வரும். ஒரு தலைமுறைக்கு ஒரு இலை. ஒவ்வொரு இலையிலும் நாலு கிழங்கு."

ஈட்டியப்பன் மூன்று நாள் கொளுத்தும் வெயிலில் மண்ணைத் தோண்டினான். கரியப்பர் முதல் இலையைத் தின்று அப்பா பெயரைச் சொன்னார். இரண்டாம் இலைக்குத் தாத்தா. நாலாம் இலையில் ஒருவர் கிணற்றில் விழுந்தவர். ஏழாம் இலையில் ஒருவர் மாமியார் வீட்டோடு தங்கிவிட்டவர். ஒன்பதாம் இலையில் ஒன்றுமே இல்லை, பிறந்தார் இறந்தார். ஈட்டியப்பன் அவசரமாக அடுத்த இலையைப் போட்டான். பதினோராவது இலையின் மூன்றாவது கிழங்கில் கரியப்பர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அட, அடப்பாவி. நீ சாதாரண ஆள் இல்லய்யா."

விஷயம் இதுதான். பதினோரு தலைமுறைக்கு முன்னால் காட்டை ஆண்ட சிங்கத்துக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது. வைத்தியர் அதை எடுக்கும்வரை சிம்மாசனத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று, பக்கத்தில் நின்ற ஒரு முள்ளம்பன்றியை உட்கார்த்தி வைத்தார்கள். ஒன்றரை நாள் ஆண்டார். அவர் எழுந்த பிறகு மெத்தையில் இருந்த முள்ளைப் பிடுங்கவே ஒரு மாதம் ஆயிற்றாம். ஆனாலும் ராஜா ராஜாதான். கரியப்பர் சான்றிதழ் எழுதி அலகால் ஒரு குத்துக் குத்தி முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை ஈட்டியப்பன் குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போனான். கிளைமணி சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறையும் நேராகப் பிடித்து ஒருமுறையும் படித்தான்.

"ஒன்றரை நாளா? ஒன்றரை வருஷம்னு எழுத மறந்துட்டாரா?"

"நாள்தான். விதியில எத்தன நாள்னு போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. கிளைமணி வழிவிட்டான். குட்டிகள் மூன்றும் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டன. கடைக்குட்டி குடித்தான், இருமினான், மறுபடி குடித்தான், அப்புறம் ஆசை தீர அழுதான். ஈட்டியப்பனுக்கு உலகத்திலேயே இதைவிடச் சந்தோஷம் இருக்க முடியாது என்று தோன்றியது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது.

நாலாம் நாள் அவன் நடை மாறியது. ஐந்தாம் நாள் செவந்தியிடம், "யாம் வெளியே போய் வருகிறோம்," என்றான். "யாரெல்லாம்?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். ஆறாம் நாள் குட்டைக் கரையில் நின்றுகொண்டு கிளைமணியைக் கூப்பிட்டான்.

"ராஜா தண்ணி குடிக்கும்போது கட்டியம் சொல்றது வழக்கம் இல்லையா?"

"எதுக்கு?"

"மரியாதைக்கு. பரம்பரைப் பெருமையைச் சொல்லணும். அப்புறம்தான் யாம் வாய் வைப்போம்."

கிளைமணி கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஒன்றரை நாள் ஆண்ட... வேந்தரோட... பேரன். குடி," என்றான்.

"சத்தமா. எதிர்க் கரைக்குக் கேக்கணும்."

எதிர்க் கரைக்கு நன்றாகக் கேட்டது. பொது வரிசையில் நாக்கு வறண்டு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முள்ளம்பன்றியே ராஜா என்றால் நாம் என்ன குறைந்துபோனோம்? அன்று மத்தியானம் பட்டுப்போன வேப்பமரத்தடியில் இலை போட இடமில்லை.

கரியப்பர் தின்றார். தின்னத் தின்னக் காட்டில் ராஜாக்கள் முளைத்தார்கள். வெள்ளம் வந்த வருஷம் எல்லோரும் மரத்தில் தொங்கியபோது தவளையின் முப்பாட்டன்தான் கீழே இருந்து ஆண்டிருக்கிறார். ஆமையின் மூதாதைக்குப் பட்டம் சூட்டியாகிவிட்டது, ஆனால் அவர் சிம்மாசனத்துக்கு நடந்துவருவதற்குள் மூன்று ராஜா மாறிவிட்டார்கள், நடந்த நாளெல்லாம் ஆட்சிக் கணக்கில் சேர்ந்தது. கழுதைப்புலியின் கொள்ளுத்தாத்தா பதவிப் பிரமாணத்தில் சிரித்துத் தொலைத்தாலும் நெற்றியில் திலகம் வைத்தது வைத்ததுதான். முயலின் மூதாதை, சிங்கம் தூங்கிய ஒரு மத்தியானத்தில் பாதி ஆண்டிருக்கிறார். இரண்டே வாரத்தில் காடு முழுக்க ஆண்ட பரம்பரை. ஆளப்பட்ட பரம்பரை என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை.

"எல்லாருக்கும் எப்படிங்க ராஜா வர்றாரு?" என்று ஈட்டியப்பன் கொஞ்சம் மனம் புழுங்கிக் கேட்டான்.

"அப்பா அம்மா ரெண்டு பேர். தாத்தா பாட்டி நாலு பேர். இப்படியே ஏறிப் பார். பதினோராவது தலைமுறையில உனக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர் நிக்கிறான். அதுல ஒருத்தன்கூடவா கிரீடத்தைத் தலையில வச்சுப் பாத்திருக்க மாட்டான்?" என்றார் கரியப்பர். அவருக்கு இப்போது கிளை தாங்கவில்லை. கீழ்க்கிளைக்கு மாறியிருந்தார்.

இப்போது கிழக்குக் கரை வரிசை கரட்டு மேட்டைத் தாண்டியது. முன்னால் யார், பின்னால் யார் என்று கொம்புச் சண்டை, கடிச் சண்டை. சிங்கராயர் ஏற்கெனவே நொந்து போயிருந்தார். ராஜ ரத்தம் சிந்தக் கூடாது என்று சட்டப் புத்தகத்தில் இருப்பதால் மூன்று வாரமாகக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். "யாரோட வம்சம் அதிக நாள் ஆண்டதோ அவங்க முன்னால. எனக்கு முந்நூறு வருஷம். மத்தவங்க பாத்துக்குங்க," என்று உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒன்றரை நாள் எங்கே நிற்கும்? கடைசியிலிருந்து இரண்டாவது. ஈட்டியப்பனுக்குப் பின்னால் அரை மத்தியான முயல் மட்டும். அதுவும் பரவாயில்லை, வரிசை நகர்ந்தால். ஆனால் கட்டியம் என்று ஒரு நல்ல வழக்கத்தை ஈட்டியப்பன் ஆரம்பித்து வைத்திருந்தானே, இப்போது எல்லா ராஜாவுக்கும் கட்டியம் வேண்டும். கிளைமணி தொண்டை கட்டக் கட்டப் படித்தான். ஒரு நாளைக்கு ஏழு ராஜா, அதிகம் போனால் எட்டு. ஈட்டியப்பனின் குட்டிகள் மறுபடி நாக்கைத் தொங்கப் போட்டன.

பொதுக் கரையில் ஒரே ஒருத்தி இருந்தாள். மயிலாத்தா என்ற எருமை. ஊரிலிருந்து மேய வந்து, திரும்பிப் போக மறந்து, காட்டோடு தங்கிவிட்டவள். வம்சம் பார்க்கச் சொல்லி எல்லோரும் அழைத்தபோது, "பாத்து?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஓர் ஆளுக்காக எதற்குக் கயிறு கட்டி அவிழ்ப்பது என்று கிளைமணியும் விட்டுவிட்டான். அவள் காலையில் தண்ணீரில் இறங்கினால் கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும்.

"அங்க போய்க் குடிச்சா என்ன? எருமை கடிக்கவா போவுது?" என்றாள் செவந்தி.

ஈட்டியப்பன் கௌரவத்தை மடித்து வைத்துவிட்டுப் பொதுக் கரைக்குப் போனான். கிளைமணி கோலை நீட்டித் தடுத்தான்.

"மன்னா, விதி நாலு. ராஜ வம்சத்தவர் பொதுக் கரையில வாய் வைக்கக் கூடாது."

"எந்த மடையன் போட்ட விதி?"

கிளைமணி புத்தகத்தைப் புரட்டினான். "தொண்டையில எலும்பு சிக்கின சிங்கத்துக்குப் பதிலா ஒன்றரை நாள் ஆண்ட வேந்தர். அவர் போட்ட ஒரே உத்தரவு இதுதான்."

தன் வம்சத்துப் பெருமையை ஈட்டியப்பன் முதல்முறையாக முழுசாக உணர்ந்தான். கரியப்பரிடம் ஓடினான். "எனக்கு ராஜ வம்சம் இல்லன்னு ஒரு சான்றிதழ் குடுங்க."

"இருக்குன்னு சொல்ல ஒருத்தரைக் கண்டுபிடிச்சாப் போதும். இல்லன்னு சொல்ல உன் முன்னோர் அத்தன பேரையும் பாக்கணும். ஆளுக்கு ஒண்ணுன்னாலும் நாலாயிரம் இலை ஆகும். போடறியா?"

கடைசியில் வழி சொன்னவன் கிளைமணிதான். அவனுக்கும் ஒரு கட்டியம் குறைந்தால் நல்லதாக இருந்தது. "தத்துப் போயிடுங்க. தத்துப் போனா பழைய வம்சம் விட்டுப்போச்சு, புது வம்சம்தான். காட்டுல வம்சமே பாக்காதவங்க ஒருத்தங்கதான் இருக்காங்க."

ஈட்டியப்பன் கரையில் நின்று கைகூப்பினான். "ஆத்தா, என்னைப் பிள்ளையா ஏத்துக்கணும்."

மயிலாத்தா ஒரு கண்ணைத் திறந்தாள். அவன் வயசையும் முள்ளையும் பார்த்தாள். "சரி. பக்கத்துல வந்து ஒரசாத," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தத்தெடுப்பு அவ்வளவுதான். ஈட்டியப்பனும் செவந்தியும் குட்டிகளும் பொதுக் கரையில் இறங்கினார்கள். முண்டியடிக்க யாருமில்லை, மூடும் நேரமில்லை, கட்டியமும் இல்லை. கடைக்குட்டி மயிலாத்தாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நீந்தக்கூடப் பழகிவிட்டான். செவந்தி திருமணமான நாளிலிருந்து முதல்முறையாகப் புருஷனைப் பார்த்து, "உங்களுக்கும் கொஞ்சம் மூளை இருக்கு," என்றாள்.

நல்ல கதையாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். ஆனால் எதிர்க் கரையில் ராஜாக்கள் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அதிலும் கழுதைப்புலிக்கு வாய் சும்மா இருக்காது.

"யார்றா அது தண்ணியில? ஓ, எருமைக்குப் பொறந்தவனா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. ஆமைகூட, கொஞ்சம் தாமதமாக, சிரித்தது. தாகத்தோடு நிற்கிறவர்கள் தாகமில்லாமல் குளிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தால் ஈட்டியப்பனும் சேர்ந்து சிரித்திருக்கலாம். அவன் சில வாரம் ராஜாவாக இருந்து பழகியவன். தோல் முழுக்க முள் இருந்தும் சுருக்கென்று தைத்தது அவனுக்குத்தான்.

"எங்க ஆத்தா வம்சத்தைப் பத்தி இவனுங்களுக்கு என்ன தெரியும்? ஒரு தடவ பாத்துட்டா வாயை மூடிக்குவானுங்க," என்றான்.

செவந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணி குடிச்சமா, கரையேறினமான்னு இருங்க. உங்க காலுல விழறேன். அந்தக் காக்கா பக்கம் போகாதீங்க."

"ராஜா வந்தா சொல்லப் போறதில்ல. நல்ல குடும்பம்னு தெரிஞ்சாப் போதும்."

குட்டிகளுக்கு வைத்திருந்த கிழங்கையெல்லாம் எடுத்துக்கொண்டு போனான். கரியப்பர் பத்து இலை தின்றார். எல்லோரும் புல் மேய்ந்தவர்கள். பதினைந்து இலை. எல்லோரும் புல் மேய்ந்து, படுத்து, அசை போட்டவர்கள். இருபதாவது இலையில் கரியப்பர் எழுந்து நின்று சிறகை ஒடுக்கிக்கொண்டார். அவர் எழுந்து நின்று ஈட்டியப்பன் அதுவரை பார்த்ததே இல்லை.

"நானூறு வருஷம்யா. சிங்கமே அப்ப இந்தக் காட்டுக்கு வரல. குட்டை வெட்டினதே அவங்கதான். அப்புறம்தான் ஊருக்குப் போயிருக்காங்க."

சொல்லப் போவதில்லை என்று கிளம்பியவன் சான்றிதழைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, கூவிக்கொண்டே குட்டைக்கு ஓடினான். "நானூறு வருஷம்! எங்க ஆத்தா நானூறு வருஷம்! டேய் கழுதைப்புலி, இப்ப சிரிடா!"

கழுதைப்புலி சிரிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் ஈட்டியப்பனுக்கு வாழ்க்கையிலேயே இனித்த நிமிஷம். அடுத்த நிமிஷம் கிளைமணி விசில் ஊதினான்.

"விதி நாலு. எல்லாரும் பொதுக் கரைய விட்டு ஏறுங்க."

மயிலாத்தா மெதுவாக எழுந்தாள். உடம்பெல்லாம் தண்ணீர் வடிய ஈட்டியப்பனைப் பார்த்தாள். "நான் கேட்டனாடா?" என்றாள். பிறகு குட்டையைச் சுற்றிக் கிழக்குக் கரைக்குப் போனாள். நானூறு, முந்நூறைவிடப் பெரிது. சிங்கராயர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். என்ன செய்வது, தன் கையெழுத்து, அதோடு ராஜ ரத்தம். மயிலாத்தா எல்லோருக்கும் முன்னால் தண்ணீரில் இறங்கி, அங்கே எப்படிப் படுத்தாளோ அப்படியே இங்கேயும் படுத்தாள்.

ஈட்டியப்பன் பின்னாலேயே இறங்கப் போனான். கோல் குறுக்கே வந்தது.

"நான் மகன்யா!"

"தத்து மகன். தத்துப் பிள்ளைக்குக் கடைசி இடம்."

"அப்ப என் பழைய இடம்? ஒன்றரை நாள்?"

"அது தத்துப் போன அன்னிக்கே போச்சு. முயலுக்குப் பின்னால போய் நில்லுங்க, மன்னா."

பொதுக் கரையில் கிளைமணி கயிற்றைக் கட்டி, 'பயனாளிகள் இல்லாமையால் நிரந்தரமாக மூடப்பட்டது' என்று ஒரு பலகையும் தொங்கவிட்டான். பிறகு வந்து மயிலாத்தாவின் நானூறு வருஷத்துக் கட்டியத்தைப் படிக்க ஆரம்பித்தான். அது முடிய மூன்று நாள் ஆகும். முடிந்தாலும் மூத்த வம்சம் எழுந்த பிறகுதான் அடுத்த வம்சம் இறங்கலாம். எருமை தண்ணீரில் படுத்தால் எப்போது எழும் என்பது யாருக்கும் தெரியாது, எருமைக்கும் தெரியாது.

கரட்டு மேட்டுக்கு அப்பால், முயலுக்குப் பின்னால், ஈட்டியப்பன் குடும்பத்தோடு நின்றான். செவந்தி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. கடைக்குட்டி அவன் முன்காலைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, நாம எப்பப்பா மறுபடி சாதாரண ஆளா ஆவோம்?"

ஈட்டியப்பன் குட்டியை வெயில் படாதபடி தன் நிழலில் இழுத்து நிறுத்தினான்.

அந்த நேரம் பார்த்துக் கரியப்பர் பறந்துவந்து மயிலாத்தாவின் முதுகில் உட்கார்ந்தார். குனிந்து ஆற அமர நாலு வாய் தண்ணீர் குடித்தார். அவரிடம் யாரும் வம்சம் கேட்கவில்லை. அவரும் இதுவரை தன் வம்சத்தைப் பார்த்ததில்லை. அலகைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துக் கேட்டார்:

"நானூறுக்கு மேல யாருக்காவது பாக்கணுமா?"

சிங்கராயர் முதல் முயல்வரை அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், குட்டி பார்க்காதபடி கொஞ்சம் தாழ்வாக, ஒரு முள்ளுக் கையும் உயர்ந்திருந்தது.

நீதி: உங்கள் வம்சத்தில் ராஜா இருந்தாரா என்று தேடி அலைய வேண்டாம், கட்டாயம் இருந்தார். அடுத்தவர் குடிக்கத் தண்ணீரை விட்டு எழுந்தாரா என்று மட்டும் விசாரியுங்கள்.